விரல் பதிந்த பாதம்

திருப்பருத்திக்குன்றத்து ஜைனர்களான நயினார் வீடுகளில் கனகமாலாவுக்கு நல்ல பெயர் கிடையாது. அவளும் அதற்காக ஏங்கியவள் இல்லை. அந்த ஊரில் யாரிடமிருந்து நல்ல பெயர் வரும் என்று அவளுக்குத் தெரியும். வாங்கி என்ன செய்வது என்று விட்டுவிட்டாள்.

அவள் செய்த குற்றம் பட்டு. சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களுக்கு வீட்டில் ராட்டை போட்டுப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துவந்தாள். ஜைனர் வீட்டில் பட்டு நூலா என்று ஊர் முகம் சுளித்தது. கொதிக்கிற தண்ணீரில் புழுவைப் போட்டுக் கொன்று எடுத்த நூல் அல்லவா. இதை அதிகம் சொன்னவள் அவளுடைய ஓரகத்தி சாந்திமதி. சொல்லும்போது உடம்பில் அரக்குப் பட்டு, கையகலக் கரையோடு. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பது இதைத்தான்.

"புழு என் கையில நூலாவுது, உங்க மேல புடவையாவுது. பாவம் இன்னாக்கா, நூலோட நின்னுடுமா? புடவை வரைக்கும் வராதா?" என்று ஒருமுறை கோயில் வாசலிலேயே கேட்டாள் கனகமாலா. அதற்கப்புறம் சாந்திமதி அவளோடு நேராகப் பேசியதில்லை. கனகமாலாவுக்கு அது லாபம்.

புருஷன் அப்பாண்டை நல்லவர். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கொஞ்சம் வேர்க்கடலைக் கொல்லை, வாயைத் திறக்காத சுபாவம், பிள்ளைகள் இல்லாத வீடு. அண்ணன் ஸ்ரீபாலன் தும்மினால் இவர் துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொள்வார். சாந்திமதியின் புருஷனான அந்த ஸ்ரீபாலனுக்கு ஊரில் அரிசி மண்டி இருந்தது, மண்டியை விடப் பெரிய வாய் இருந்தது, அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கிற ஆசை இருந்தது. கனகமாலா தன் மூத்தாரை 'மாமா' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். மனசுக்குள் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

எழுபத்து மூன்றாம் வருஷம் தை மாதம் அவளுக்கு இருமல் வந்தது. முதலில் வறட்டு இருமல். பிறகு ஒரு காலை துப்பியபோது சிவப்பு. சாயப்பட்டு நூலை எச்சில் தொட்டு முடி போடுகிற வழக்கம் அவளுக்கு உண்டு. அதனால் சாயம்தான் வாயில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து வாயைக் கொப்பளித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். ராட்டையில் பச்சை நூல் ஓடிய நாளிலும் சிவப்பாகவே துப்பிய பிறகுதான் புருஷனிடம் சொன்னாள்.

அப்பாண்டை காஞ்சிபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு டாக்டர், எந்த வியாதிக்கும் ஊசி போட்டே பெயர் வாங்கியவர். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார். சளியைச் சோதிக்க அனுப்பினார். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தது.

"கிருமி ஒளிஞ்சுக்கினு இருக்குது" என்றார் டாக்டர். காசநோய் ஊசியை ஆரம்பித்தார்.

கிருமி இருந்தால் காசம், இல்லாவிட்டால் ஒளிந்திருக்கிற காசம். இப்படி ஒரு வைத்தியம் இருந்தால் யார்தான் டாக்டர் ஆக முடியாது என்று கனகமாலா திரும்பி வருகிற வழியெல்லாம் பொருமினாள். ஆனாலும் ஊசி போட்டுக்கொண்டாள். மாசியில் கால் வீங்கியது. முகம் காலையில் ஊதியிருக்கும், கண் திறக்காது. "கால் வீங்குதுங்க" என்று ஊசி டாக்டரிடம் சொன்னாள். "அது வேற டாக்டரைப் பாரும்மா" என்றார் அவர். வேறு டாக்டரைப் பார்த்தார்கள். அவர் காலைப் பார்த்தார், பார்லித் தண்ணீர் குடிக்கச் சொன்னார். "இருமினா ரத்தம் வருதுங்க" என்று அவரிடம் சொன்னாள். "அதுக்குத்தான் ஊசி போட்டுக்கினு இருக்கீங்களே" என்றார். ஒருவருக்கு நெஞ்சு மட்டும் போதும், இன்னொருவருக்குக் கால் மட்டும் போதும். குருடர்கள் யானை பார்த்த கதையைக் கோயிலில் அவள் சின்ன வயசில் கேட்டிருக்கிறாள். கதைக் குருடர்கள் யானையிடம் காசாவது கேட்கவில்லை.

அவளிடமும் ஒரு தவறு இருந்தது. சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஆம்பளை டாக்டர்கள். அவர்களும் கேட்கவில்லை.

பங்குனியில் சோறு நின்றது. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. வாயில் எந்நேரமும் ஒரு வெண்கலக் கசப்பு. தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடுத்த நாளும் அப்படியே. சாந்திமதி சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவள், தள்ளிய தட்டைப் பார்த்தாள், வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அன்று சாயங்காலம் ஸ்ரீபாலன் வந்தார். கோயிலில் பூஜை செய்கிற உபாத்தியாயரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"கனகமாலா சாப்பாட்டை விட்டுடுச்சு. சல்லேகனை இருக்குது" என்று வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

சல்லேகனை என்பது உண்ணாமல் உயிர்விடுகிற விரதம். ஜைனர்களுக்கு அதைவிடப் பெரிய சாவு கிடையாது. கனகமாலா பத்து வயதில் வந்தவாசிப் பக்கத்தில் ஒரு துறவியம்மாள் அந்த விரதம் இருந்ததைப் பார்த்திருக்கிறாள். அந்தம்மா எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, குருவிடம் உத்தரவு வாங்கி, தெளிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தின் மேல் கனகமாலாவுக்கு இன்றைக்கும் பக்தி உண்டு. அதனால்தான் இந்தக் கூத்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விரதமுமில்ல, கிரதமுமில்ல. குமட்டுது. என்னை நல்ல ஆஸ்பத்திரியா பாத்துக் கூட்டிக்கினு போங்க" என்றாள்.

"விரதம் அவங்க வாயால ஏத்துக்கணும். நாம ஏத்திவிடக் கூடாதுங்க" என்று உபாத்தியாயர் மெதுவாகச் சொன்னார். சொன்னது சரி. ஆனால் கோயில் திருப்பணிக் கமிட்டித் தலைவர் ஸ்ரீபாலன். உபாத்தியாயர் அதற்கு மேல் மெதுவாகக்கூடச் சொல்லவில்லை.

"புழுவைக் கொன்ன பாவத்தைக் கரைக்குது. அதான் நெஞ்சுலேர்ந்து ரத்தமா வெளியப் போவுது" என்றாள் சாந்திமதி. ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாவி திருந்திவிட்டாள். இதைவிட நல்ல கதை அந்த ஊருக்குக் கிடைத்து வெகுநாள் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் அவள் என்ன சொன்னாலும் விரதத்திலேயே சேர்ந்தது. பசியில்லை என்றால் ஆசை அறுந்தது என்றார்கள். போய்த் தொலையுங்கள் என்றால் பந்தம் அறுந்தது என்றார்கள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்று கத்தியபோது, இது கடைசிச் சோதனை, உடம்பு கெஞ்சும், நாம் இடம் கொடுக்கக்கூடாது என்று ஸ்ரீபாலன் விளக்கம் சொன்னார். தவறாமல் போய்க்கொண்டிருந்த ஊசியும் நின்றது. அந்த ஊசி நின்றதுதான் இவர்கள் அறியாமல் செய்த ஒரே நல்ல காரியம்.

சுற்றுவட்டத்து ஊர்களிலிருந்து ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒரு பெரியவர் இரண்டு பாதத்தையும் கெட்டியாகப் பிடித்து நெற்றியை வைத்துவிட்டுக் கையை எடுத்தார். விரல் இருந்த இடம் குழியாகவே நின்றது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. பெரியவர் பார்த்தார், பக்கத்திலிருந்தவர்கள் பார்த்தார்கள். குழி மேலே எழவில்லை.

"பாதம் பிடிச்ச கையை ஏத்துக்கிச்சு!" என்று யாரோ அலறினார்கள்.

மறுநாளிலிருந்து கூட்டம் இரட்டிப்பு. ஒவ்வொருத்தரும் விரலை அழுத்திப் பார்த்தார்கள். குழி விழுந்தவர்களுக்குப் புண்ணியம். எல்லாருக்கும் விழுந்தது. நீர் கோத்த காலில் யார் அழுத்தினாலும் குழி விழும், வேறு எப்படி இருக்கும்? அமுக்கி அமுக்கிக் கால் வலித்தது. கனகமாலா குனிந்த அந்தத் தலைகளைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். எண்ணெய் வைத்த தலை, வழுக்கைத் தலை, பூ வைத்த தலை. இத்தனை தலையில் ஒன்றுக்குள்ளும் ஒன்றும் இல்லையே என்று நினைத்தாள். உதைக்கலாம் என்றால் காலைத் தூக்க முடியவில்லை.

ஸ்ரீபாலன் மட்டும் தினமும் புது வேட்டியில் வந்து எல்லாரையும் வரவேற்றார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். அவள் செத்தால் தேர்தலில் எதிர்த்து நிற்க ஆள் கிடைக்காது.

அப்பாண்டை மூலையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு மத்தியானம் கூட்டம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கனகமாலா அவரைக் கிட்டே கூப்பிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"இன்னாங்க. நானா சோத்தை வேணாம்னேன்? உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"எனக்குச் சாவ இஷ்டமில்ல. பொழைக்கணும். இதையாவது நம்புறீங்களா?"

அப்பாண்டை தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பரிதாபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "அழுதா ஆச்சா? உங்க அண்ணங்கிட்டப் போய் ஒரு பொய் சொல்லணும். சொல்லுவீங்களா?"

பொய் சொல்வது ஜைனனுக்குப் பாவம். அப்பாண்டை ஆயுசில் சொன்னதில்லை. உண்மையையும் அதிகம் சொன்னவரில்லை என்பது வேறு விஷயம். அவள் சொல்லிக்கொடுத்ததை அவர் உதட்டை அசைத்து அசைத்து மனப்பாடம் செய்தார். சாயங்காலம் அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"அண்ணா, பொன்னூர் மலையில போய் விரதத்தை முடிக்கணும்னு சொல்றா. மலையடிவாரத்துலதான் உயிர் போவணுமாம். நான் மட்டும் கூடப் போறேன். வேற யாரும் வரக்கூடாதுன்னு சொல்லிட்டா."

பொன்னூர் மலை வந்தவாசியைத் தாண்டி இருக்கிற புனித மலை. ஸ்ரீபாலன் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வில்வண்டி ஏற்பாடு செய்தார். வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். மேளம் வைத்து ஊர் எல்லைவரை வந்து வழியனுப்பினார்கள். சாகப் போகிறவளுக்கு மேளம்! அவள் மெத்தையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஞான நிலை என்றார்கள். திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்று மூடியிருந்தாள்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பினார்கள். வந்தவாசி பஸ் ஒரு பக்கம் நின்றது, மெட்ராஸ் பஸ் ஒரு பக்கம் நின்றது. அப்பாண்டை பெண்டாட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினார். கல்யாணமாகி அவர் அவளைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. எலும்பு குத்துகிறது என்று அவள் திட்டினாள்.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் யேசுதாஸ் என்று ஒரு டாக்டர், சிறுநீரக வியாதி படித்தவர். அதிகம் பேசமாட்டார். முதலில் அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். குழி நின்றது.

"நீங்களும் கும்பிடப் போறீங்களா?" என்று கேட்டாள் கனகமாலா.

டாக்டருக்குப் புரியவில்லை. அப்பாண்டை வெட்கத்தோடு ஊரில் நடந்ததைச் சொன்னார். டாக்டர் குழி மறையும்வரை அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "மூத்திரம் என்ன நிறம்மா?"

இத்தனை மாசத்தில் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர்தான். அவள் கூச்சத்தை விட்டுச் சொன்னாள். டிகாஷன் நிறம். இருமலில் ரத்தம் வந்த அதே நாட்களில்தான்.

"ரெண்டும் ஒரே நேரத்திலா?" டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நெஞ்சுக்கு ஒரு வியாதி, சிறுநீரகத்துக்கு ஒரு வியாதின்னு யார் பிரிச்சது? ரெண்டும் ஒண்ணா இருந்தா?"

சிறுநீரைச் சோதித்தார்கள். ரத்தம். சிறுநீரில் போகவேண்டிய கழிவு ரத்தத்தில் ஏறிக் கிடந்தது, குமட்டலுக்கு அதுதான் காரணம். குப்புறப் படுக்கவைத்து முதுகில் நீள ஊசி இறக்கிச் சிறுநீரகத்திலிருந்து ஒரு இழையளவு சதை எடுத்தார்கள். அதில் ஒளிவிடும் சாயம் ஒன்றை ஏற்றி இருட்டறையில் வைத்துப் பார்த்தார்கள். சிறுநீரை வடிகட்டுகிற சல்லடைச் சவ்வின் ஓரமெல்லாம் பச்சைக் கோடு, விடுபடாமல் ஓடியிருந்தது. டாக்டர் யேசுதாஸ் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த கோடு அது. குட்பாஸ்சர் என்று பெயர் சொன்னார். லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராதாம்.

"காசமே இல்லையா?" என்று கேட்டார் அப்பாண்டை.

"இருந்ததே இல்லை. நம்ம ரத்தத்துல கிருமியோட சண்டை போட ஒரு காவல் இருக்கும்மா. உங்க காவலுக்கு ஆள் அடையாளம் தப்பிடுச்சு. உங்க சொந்த நுரையீரலையும் சிறுநீரகத்தையும் எதிரின்னு நினைச்சுத் தாக்குது. ரெண்டு இடத்துச் சவ்வும் ஒரே ஜாதி. அதான் ரெண்டும் சேர்ந்து அடி வாங்குது."

"வேலியே பயிரை மேயுது" என்றாள் கனகமாலா.

"அதேதான்."

"அப்படின்னா ஒண்ணும் அபூர்வமில்ல டாக்டர். எங்க வூட்லயும் அதே வியாதிதான்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பட்டுப் புழுவைக் கொன்ன பாவமா இது?"

"நான் படிச்ச புத்தகத்துல புழு எங்கேயும் வரலைம்மா."

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். வியாதி வந்த நாளிலிருந்து அவள் அழுதது அப்போதுதான். பயத்தில் அழவில்லை. தன் உடம்பில் இருப்பது வியாதி, விரதமும் இல்லை பாவமும் இல்லை என்று ஒரு மனுஷன் வாயால் கேட்டுவிட்டாள். அதற்கு இத்தனை தூரம் வரவேண்டியிருந்ததே என்று அழுதாள்.

பிழைப்பது நிச்சயமில்லை என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். காவலை அடக்குகிற மாத்திரை கொடுத்தார். முகம் பூசணி போல உப்பியது, முடி கொட்டியது. ஆனால் இருமலில் ரத்தம் நின்றது, கால் வற்றியது. சிறுநீரகத்தில் பாதிக்குக் குறைவாகத்தான் மிச்சம். உப்பு கூடவே கூடாது, மாத்திரையை விடக்கூடாது என்று சொல்லி ஆவணியில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது அங்கே ஒரு கல் இருந்தது. கருங்கல்லில் இரண்டு பாதம் செதுக்கியிருந்தது. விரதமிருந்து உயிர்விட்டவர்களுக்குப் பாதம் செதுக்கி வைப்பது ஜைனர் வழக்கம். பொன்னூரிலிருந்து சேதி வரவில்லையே என்று ஸ்ரீபாலன் விசாரித்திருக்கலாம். விசாரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று விசாரிக்கவில்லை, காத்திருக்கவும் இல்லை. முடிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார். பஞ்சாயத்திலும் ஜெயித்துவிட்டார். கல்லில் விரல் குழியைக்கூட மறக்காமல் வெட்டச் சொல்லியிருந்தார்.

தெரு கூடிவிட்டது. செத்தவள் வந்து நிற்பதைப் பார்த்து ஒருத்தருக்கும் சந்தோஷமில்லை. போன தடவை காலைப் பிடித்தவர்கள் இந்தத் தடவை தள்ளி நின்றார்கள்.

"விரதத்தை முறிச்சுக்கினு வந்திருக்குதே, வெட்கமாயில்ல?" என்றார் ஸ்ரீபாலன். "எந்த மூஞ்சிய வெச்சுக்கினு நாங்க வெளியப் போறது?"

கனகமாலா செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின் மேல் ஏறி நின்றாள். வற்றிய கால். செதுக்கிய பாதத்துக்குள் அவள் பாதம் குழந்தை காலைப் போல இருந்தது, சுற்றிலும் இடம் மிஞ்சியது.

"நல்லாப் பாருங்க மாமா. இது என் காலா? நீங்க கும்புட்டது வீக்கத்தை."

அப்போது அப்பாண்டை முன்னால் வந்தார். "அண்ணா, வழி வுடு. பொழுது சாஞ்சா சாப்பிடக்கூடாது, அதுக்குள்ள அவ சாப்பிடணும்" என்றார். அண்ணனிடம் அவர் யாரும் சொல்லிக்கொடுக்காமல் பேசிய முதல் வாக்கியம் அது. ஸ்ரீபாலன் வழிவிட்டார்.

உப்பில்லாத கஞ்சியை அவள் வாசலில் உட்கார்ந்தே குடித்தாள். இரண்டு நாள் கழித்து, கனகமாலா உப்பை விட்டுவிட்டாள், அது ஒரு விரதம் என்று சாந்திமதி கோயிலில் சொல்லிக்கொண்டிருந்ததாகக் காதில் விழுந்தது. கனகமாலா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பாதக் கல்லைப் புருஷனிடம் சொல்லிக் கிணற்றடியில் போடவைத்தாள். அதன் பிறகு வீட்டுத் துணியெல்லாம் அதன் மேல்தான் துவைத்தாள். முதலில் விரல் குழி தேய்ந்தது, அப்புறம் செதுக்கிய கால்விரல்கள் தேய்ந்தன.

மறுபடி ராட்டை சுற்றினாள், மறுபடி எல்லாரையும் திட்டினாள். எழுபத்தொன்பதில் மிச்சமிருந்த சிறுநீரகமும் கைவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று யேசுதாஸ் டாக்டரே வருத்தப்பட்டு வீட்டுக்கு அனுப்பினார். ஊர் மறுபடி வாசலில் கூட ஆரம்பித்தது. இந்தத் தடவையாவது என்று உள்ளே எட்டிப் பார்த்தது.

கனகமாலா அப்பாண்டையைக் கூப்பிட்டாள். கதவை நன்றாகத் திறந்துவைக்கச் சொன்னாள். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னாள்.

"கஞ்சி கொண்டாங்க" என்றாள். "உப்புப் போட்டு."

அப்பாண்டை உப்புப் போட்டுக் கலக்கி வாயில் ஊட்டினார். குமட்டியது, விழுங்கினாள். இரண்டாவது வாய்க்கும் வாயைத் திறந்தாள். கிண்ணம் காலியாகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். கனகமாலா சாப்பிட்டுவிட்டுத்தான் செத்தாள்.